ராமன் யாரை வணங்கினான்? சேதுக்கரையில் தொடரும் நூல்வழக்கு

ராமநாதபுரத்துக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது திருப்புல்லாணி. அங்கே ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் தருப்பைப் புல்லின்மேல் சயனித்திருக்கிறான் ராமன். வைணவருக்கு அவன் பரம்பொருள். எதிரியின் தம்பிக்கும் அபயம் தந்தவன். கிழக்கே பாம்பனைக் கடந்து ராமேஸ்வரம் போனால், அதே ராமன் ராவணவதத்தின் பழி தீர இலிங்கம் நிறுவி வணங்கிய பக்தன். ஒரே பகலில் இரண்டு கோயில்களையும் தரிசித்துவிடலாம். ஆனால் இரண்டும் சொல்லும் இறைக்கொள்கை ஒன்றல்ல. ராமன் வணங்கப்படுபவனா, வணங்குபவனா என்ற இந்தக் கேள்வியை முன்வைத்து உரைகாரர்களும் வடமொழி வாதிகளும் தமிழ்ப் புலவர்களும் நூற்றாண்டுக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் வழக்கறிஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த விவாதங்களை ஓரிடத்தில் திரட்டிப் பார்ப்பதும், எது எந்த நூலில் நிற்கிறது என்று பிரித்துக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கரையையும் ராமனையும் சேர்த்துப் பேசும் மிகப் பழைய தமிழ்ப் பாட்டு அகநானூற்றில் இருக்கிறது. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய 70-ஆம் பாட்டு அது. பாண்டியரின் பழைய கோடித் துறையில், ஆலமரத்தடியில் ராமன் அருமறை பேசும்போது மரத்திலிருந்த பறவைகளின் ஒலி அடங்கியது. தலைவிக்குத் திருமணம் உறுதியானதும் ஊரின் அலர் அதுபோல அடங்கியது என்கிறது பாட்டு. அருமறை என்றது வேதத்தையா, போருக்கு முன் நடந்த மறைவான ஆலோசனையையா என்பதில் உரைகாரர்களிடையே இரு கருத்து உண்டு. கதைப்போக்கை நினைத்தால் ஆலோசனை என்பதே பொருந்துகிறது. இதில் அணை இல்லை, இலிங்கம் இல்லை, வணக்கமும் இல்லை. காதற்பாட்டில் வரும் ஓர் உவமைதான். ஆனாலும் வால்மீகியின் நூலில் காண முடியாத ஒரு நிகழ்ச்சியை இக்கரையோடு சேர்த்து ஒரு சங்கப் புலவர் பாட முடிந்திருக்கிறது. கேட்டவர்களுக்கும் அது புரிந்திருக்கிறது. ராமகதை இங்கே ஏட்டுவழி மட்டும் வந்து சேர்ந்ததல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி வால்மீகி. யுத்த காண்டத்தில் இலிங்கப் பிரதிட்டைக் காட்சி கிடையாது. அணை கட்டும் இடத்தில் இல்லை. ராவணன் விழுந்த பிறகும் இல்லை. சைவர் தரப்பு எடுத்துக்காட்டுவது புட்பக விமானத்தில் திரும்பும் பகுதியை. ராமன் கீழே தெரியும் இடங்களை ஒவ்வொன்றாகச் சீதைக்குக் காட்டி வருகிறான். சேதுவைக் காட்டும்போது, முன்பு இங்கேதான் மகாதேவர் அருள்புரிந்தார் என்று ஒரு வரி தென்னாட்டுப் பாடங்களில் வருகிறது. இந்த வழக்கு முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியில்.

மகாதேவர் என்றால் சிவன் என்று எவரும் சொல்லிவிடுவார். திலகம் என்னும் உரை அப்படியே பொருள் கொண்டு, பிரதிட்டையைப் புராணச் சான்றுகளால் நிரப்புகிறது. பூஷணம் என்னும் உரை எழுதிய கோவிந்தராஜர் வைணவர். அவர் அந்தச் சொல்லுக்குக் கடலரசன் என்று பொருள் கொள்கிறார். சமயப் பிடிவாதம் என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் வாதத்தில் இலக்கண நேர்மை இருக்கிறது. முன்பு இங்கே அருள்புரிந்தார் என்று ராமன் நினைவுகூர்ந்தால், அந்த நிகழ்ச்சி காவியத்தில் முன்பே நடந்திருக்க வேண்டும். சேதுக்கரையில் முன்பு நடந்ததாக வால்மீகி விரித்துச் சொல்வது, ராமன் மூன்று நாள் கிடந்து வேண்டியதும், பிறகு சினந்து வில்லெடுத்ததும், கடலரசன் வெளிப்பட்டு வழி சொன்னதும்தான். நூலின் உள்ளிருந்தே பொருள் காண வேண்டும் என்ற விதிப்படி கோவிந்தராஜர் பக்கம் வலுவானது. சொல்லின் இயல்பான வழக்குப்படி திலகத்தின் பக்கம் வலுவானது. அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கை முடிக்க முடியாது என்பது என் கருத்து.

உரையோடு இது நிற்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் அடையபலத்து அப்பய்ய தீட்சிதர் ராமாயண தாத்பரிய சங்கிரகம் என்று ஒரு நூல் செய்தார். ராமாயணத்தின் உட்கருத்தே சிவபரத்துவம்தான் என்பது அதன் வாதம். ஒரு வரியைப் பற்றிய சண்டை முழுக் காவியத்தின் தாத்பரியத்தைப் பற்றிய சண்டையாக வளர்ந்தது. வைணவ அறிஞர்களுக்கு ராமாயணம் சரணாகதி சாத்திரம். எந்த இடத்தைத் தொட்டாலும் அது திருமாலின் மேன்மையையே சொல்ல வேண்டும். தாத்பரியம் என்று இறங்கிவிட்டால் நூலில் இல்லாததையும் நூலின் உள்ளக்கிடக்கை என்று சொல்ல இடம் கிடைத்துவிடுகிறது. இரு தரப்பிலும் அது நடந்தது.

ராமேஸ்வரம் என்ற பெயரையே பிரித்துப் பார்த்தவர்களும் உண்டு. ராமனுக்கு ஈசுவரன் என்றும், ராமனை ஈசுவரனாக உடையவன் என்றும், ராமனே ஈசுவரன் என்றும் மூன்று விதமாகத் தொகையை விரிக்கலாம். சபைகளில் ரசிப்பதற்கு நல்ல விளையாட்டு. பெயர் எப்போது, எதனால் வந்தது என்பதற்கு அதனால் விடை கிடைக்காது.

விடைக்கு அருகில் நம்மைக் கொண்டுபோவது தேவாரம். ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள். தேவியைக் கவர்ந்த தென்னிலங்கை அரக்கனின் முடிகளை வீழ்த்திய பழி நீங்குவதற்காக வில்லேந்திய அண்ணல் அமைத்த கோயில் என்று சம்பந்தர் சொல்கிறார். அப்பர் பதிகத்திலும் திருமால் செய்த கோயில் என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. இருவரும் இதை நிரூபிக்க முயலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாதாடுகிற குரலே அந்தப் பாட்டுகளில் இல்லை. கேட்பவர் அறிந்த கதையைத் தொட்டுக்காட்டிவிட்டு, நெஞ்சே அங்கே போய் வணங்கு என்று போகிறார்கள். அப்படியானால் ஏழாம் நூற்றாண்டுக்கு முன்பே இந்த நம்பிக்கை கரையில் வேரூன்றியிருக்க வேண்டும். சைவர் இவ்வளவு காலமும் வால்மீகியின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போராடியிருக்க வேண்டியதே இல்லை. அவர்கள் கையில் அதைவிட உறுதியான ஆவணம், காலம் தெரிந்த ஆவணம், தமிழிலேயே இருந்தது.

பதிகம் பழி என்ற அளவில் சொன்னதைப் புராணம் விரித்தது. ஸ்காந்தத்தைச் சேர்ந்த சேது மாகாத்மியத்தில் கதை முழு உருவம் கொள்கிறது: ராவணன் புலத்தியர் வழியில் வந்த அந்தணன், அவனைக் கொன்றதால் பிரமகத்தி; இலிங்கம் கொண்டுவரக் கயிலை சென்ற அனுமன் தாமதிக்க, நல்ல வேளை தவறிவிடாமல் சீதை மணலில் பிடித்த இலிங்கம் பிரதிட்டையாகிறது; வந்து சேர்ந்த அனுமன் மனம் நோக, அவன் கொணர்ந்த விசுவநாதருக்கே முதல் பூசை என்று ராமன் ஆறுதல் சொல்கிறான். ராமேஸ்வரத்தில் இன்றும் பூசை முறை அதுதான். தமிழில் இதைப் பதினாறாம் நூற்றாண்டில் நிரம்பவழகிய தேசிகர் சேதுபுராணமாகப் பாடினார்.

பிரதிட்டை எப்போது நடந்தது என்பதிலும் நூல்கள் ஒத்துப்போகவில்லை. தேவாரமும் சேது மாகாத்மியமும் போருக்குப் பின் என்கின்றன. அத்யாத்ம ராமாயணமும் துளசிதாசரின் ராமசரிதமானசும் போருக்கு முன், அணை கட்டும் வேளையில் வைக்கின்றன. காலம் மாறியதும் காரணமும் மாறிவிடுவதைப் பார்க்கலாம். பின்னால் வைத்தால் அது பிராயச்சித்தம். கொலை கொலைதான், அவதார புருடனுக்கும் பழி உண்டு என்ற கடுமையான அறம் அதில் இருக்கிறது. முன்னால் வைத்தால் அது வெற்றிக்கான வழிபாடு. ராமனும் சிவனும் ஒருவரையொருவர் போற்றும் இணக்கம் அதில் மேலோங்குகிறது. துளசிதாசருக்கு வேண்டியிருந்தது இந்த இணக்கம். எனக்குச் சம்பந்தர் சொல்லும் வடிவமே ஆழமானதாகப் படுகிறது. வென்றவன் வெற்றியைக் கொண்டாடாமல் பழியை நினைத்தான் என்று சொல்லத் துணிந்த கதை அது. வைணவர் மறுப்பதும் அதே இடத்தைத்தான்: வினைக்கு உட்படாதவனுக்குப் பாவம் ஏது? அவதாரமாக வந்ததால் மனிதர்க்கு நெறி காட்ட அப்படிச் செய்தான் என்று நடுவழி சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் அது எந்தத் தரப்பையும் முழுதாகத் திருப்தி செய்ததில்லை.

திருப்புல்லாணிப் பக்கம் வருவோம். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இத்தலத்துக்கு இரண்டு பதிகம், இருபது பாசுரம் பாடியிருக்கிறார். பிரிவால் வாடும் பெண்ணின் குரலில் அமைந்தவை அவை. ஆனால் வைணவ இறையியலில் இக்கரை பெற்ற பெரிய இடம், பாசுரத்தைவிட விபீடண சரணாகதியால் வந்தது. இலங்கையை விட்டு வந்த விபீடணனை ஏற்கலாமா என்று இக்கரையில் நடந்த விவாதத்தை ஆசாரியர்கள் வரிவரியாக ஆராய்ந்தார்கள். வேதாந்த தேசிகர் அபயப்பிரதான சாரம் என்ற தனிநூலே செய்தார். பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசனபூஷணத்தில், சரணாகதிக்கு இடம், காலம், முறை, தகுதி என்ற நியமம் எதுவும் இல்லை என்று நிறுவும்போது விபீடணனையும் எடுத்துக்காட்டினார். பிறப்பால் அரக்கன், சடங்கேதும் செய்யாமல் வந்தவன், அவனை ஏற்றுக்கொண்டது என்பது சமூக நோக்கிலும் சிறிய செய்தியல்ல.

அந்தக் காட்சியில் ராமன் சொல்கிறான்: நட்பு தேடி வந்தவனை, அவனிடம் குற்றமே இருந்தாலும், கைவிட மாட்டேன். தென்கலையும் வடகலையும் பிரியும் இடங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அடியவனின் குற்றத்தை இறைவன் காணாததுபோல் விட்டுவிடுகிறான் என்பது வடகலை. கன்றின் மேலுள்ள அழுக்கைப் பசு விரும்பி நக்குவதுபோல் குற்றத்தையே இனிதாக ஏற்கிறான் என்பது தென்கலை. ஒரு வாக்கியத்திலுள்ள ‘குற்றமே இருந்தாலும்’ என்பதை எவ்வளவு அழுத்திப் படிப்பது என்பதில் இரண்டு கலைகளின் அருட்கொள்கையும் அடங்கிவிடுகிறது. தமிழகத்தில் நூலைப் படிக்கும் கலை எட்டிய உச்சங்களில் இதுவும் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

ஆசாரியர்களுக்கு ஒரு சங்கடமும் இருந்தது. அதே கரையில் ராமனும் சரணாகதி செய்தான், கடலரசனிடம். அது பலிக்கவில்லை, வில்லை எடுக்க வேண்டியதாயிற்று. சரணாகதி தவறாது பலிக்கும் என்றால் இது ஏன் பொய்த்தது? போக்கற்றவன் ஆற்றலுள்ளவனிடம் செய்வதே சரணாகதி. இங்கே ஆற்றலுள்ளவன் ஆற்றலற்றவனிடம் செய்தான், அதனால் பலிக்கவில்லை என்பது மரபு தரும் விடை. தோல்வியுற்ற நிகழ்ச்சியைக் கொண்டே கோட்பாட்டின் இலக்கணத்தை வகுத்துக்கொண்டார்கள். விபீடணன் அடைக்கலம் புகுந்த இடம் தனுஷ்கோடி வழியிலுள்ள கோதண்டராமர் கோயில்தான் என்று இன்னொரு மரபு இருக்கிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோதும் அந்தக் கோயில் நின்றது.

கம்பனைச் சேர்க்காமல் தமிழில் இந்த ஆய்வு நிறைவு பெறாது. கம்பனின் மூலப்பாடல்களாக ஏற்கப்பட்டவற்றில் இலிங்கப் பிரதிட்டை இல்லை. மீட்சிப் படலத்தில் சேதுவின் பெருமை சொல்லும் பாடல்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று, மரக்கலங்கள் போகும் பொருட்டு ராமன் தன் வில்முனையால் அணையைக் கீறிவிட்டான் என்கிறது. பதிப்பாசிரியர்கள் மிகைப்பாடல் என்று ஒதுக்கும் வகையைச் சேர்ந்தது அது. 2008-ல் இந்தச் செய்தி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டு, ராமர் பாலம் தொடர்பான வழக்கில் சிக்கியிருந்த காலம். 2007 செப்டம்பரில் நடுவண் அரசு, ராமாயணப் பாத்திரங்களுக்கு வரலாற்றுச் சான்று இல்லை என்ற பொருள்பட ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டொரு நாளில் திரும்பப் பெற்றிருந்தது. இப்போது அரசுக்காக வாதாடிய பாலி நாரிமன், ராமனே அணையை உடைத்துவிட்டான் என்று கம்பராமாயணத்தையும் பத்ம புராணத்தையும் காட்டினார். உடைந்ததை எப்படி வழிபட முடியும் என்பது வாதத்தின் சாரம்.

எனக்கு இது வருத்தம் தந்த நிகழ்ச்சி. முதல் ஆண்டு, நூல் வரலாறு ஆகாது என்றார்கள். அடுத்த ஆண்டு, நூலையே நடந்த நிகழ்ச்சிக்குச் சாட்சியாக நிறுத்தினார்கள். எதிர்த்தரப்பிலும் ராமர் பாலத்து மணல்திட்டுகளின் வயதைக் காவியத்தின் வயதாக மாற்றிப் பேசியவர்கள் இருந்தார்கள். பாடல் கம்பனுடையதா, எந்தச் சுவடிகளில் இருக்கிறது, ஏன் சேர்ந்தது என்ற கேள்விகளுக்கு நீதிமன்றத்தில் இடம் இல்லை. உண்மையில் அந்தப் பாடலின் மதிப்பு வேறு. தோணிகள் போய்வர வழி வேண்டும் என்ற கரைமக்களின் தேவையை ராமன் நிறைவேற்றிவைத்தான் என்று சொன்ன பாடல் அது. பாம்பன் வாயிலின் ஆழமும் மன்னார் வளைகுடாவின் நீரோட்டமும் அறிந்த ஊரில் பிறந்திருக்க வேண்டிய கற்பனை என்று நினைக்கிறேன்.

இலங்கை எது என்ற ஆராய்ச்சியும் நெடுநாளாக நடக்கிறது. பரமசிவ ஐயர் 1940-ல் வெளியிட்ட நூலில் ராவணனின் இலங்கையை ஜபல்பூர்ப் பக்கத்துக் குன்றொன்றில் கண்டார். தொல்லியலாளர் எச்.டி. சங்காலியாவும், காவியம் சொல்லும் சாலமரங்கள் முதலியவற்றைக் கொண்டு, இலங்கை நடு இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்றார். அவர்கள் சொல்வது சரியென்றால் சேதுக்கரைக்கும் வால்மீகியின் காவியத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகும். ஆனால் அகநானூறு பாடிய புலவருக்கும் தேவாரம் பாடியவர்களுக்கும் கடல் இந்தக் கடல்தான். காவியம் முதலில் எந்த நிலத்தை நினைத்தது என்பது ஒரு கேள்வி; இந்த நிலம் எப்போதிலிருந்து காவியத்தைத் தனதாக்கிக்கொண்டது என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு விடை இன்னும் இழுபறியில் இருக்கிறது. இரண்டாவதுக்குச் சங்க காலம் வரை சான்று இருக்கிறது.

இதே சிக்கலை அமெரிக்காவின் மார்மன் திருச்சபை அறிஞர்கள் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. ஜோசப் ஸ்மித் 1830-ல் வெளியிட்ட மார்மன் நூல், பண்டை அமெரிக்காவில் வாழ்ந்த மக்களின் வரலாறு என்று அச்சபை நம்புகிறது. அந்த நிலம் எது? இரு அமெரிக்கக் கண்டங்களும் என்று தொடக்கத்தில் கருதினார்கள். ஜான் சோரன்சன் 1985-ல், நூலுக்குள் சொல்லப்படும் பயண நாட்களைக் கணக்கிட்டு, மத்திய அமெரிக்காவின் ஒரு சிறு பகுதிக்குள் அதை அடக்கினார். பழைய மூலமும் ஸ்மித்தின் விரிவுரையும் கலந்த நூல் என்று பிளேக் ஓஸ்ட்லர் 1987-ல் ஒரு கொள்கை வைத்தார். ஸ்மித் வைத்திருந்த எகிப்தியப் பாப்பிரஸ் துண்டுகள் நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து 1967-ல் சபைக்குத் திரும்பியபோது, அவை இறந்தோர் சடங்குக்கான ஏடுகள் என்று எகிப்தியவியலாளர் கண்டார்கள். அவற்றிலிருந்து மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொன்ன ஆபிரகாம் நூலின் மூலம் எது என்ற விவாதம் அன்று மூண்டது, இன்னும் அடங்கவில்லை. அவர்கள் நூலுக்கு வயது இரண்டு நூற்றாண்டுக்குள்; நம் நூல்களுக்கு ஆயிரத்தை மிஞ்சிய வயது. ஆனாலும் நம்பிக்கையுள்ளவர்களே சுவடியையும் நிலவியலையும் கையிலெடுத்து, தம் சபையாருக்குள்ளேயே வெளிப்படையாக வாதிடும் அந்தப் பழக்கம் நமக்கு வேண்டியது.

நம்மிடம் அந்தத் துணிவு வேறு திசையிலிருந்து வந்தது. பெரியாரின் இராமாயணப் பாத்திரங்கள், 1943-ல் கம்பராமாயணத்தை முன்வைத்து ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணா நடத்திய சொற்போர்கள், 1946-ல் புலவர் குழந்தை எழுதிய இராவண காவியம் ஆகியவை காவியத்தை அதிகாரத்தின் நூலாகப் படித்தன. ராவணன் அந்தணன், ஆகவே பிரமகத்தி என்ற புராணத்தின் விளக்கம், ராவணனைத் திராவிட வேந்தனாகக் கண்டவர்களின் வாசிப்போடு நேருக்கு நேர் மோதுகிறது. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து ராமேஸ்வரத் தலபுராணத்தை ஆராய்ந்திருந்தால் பயன்மிக்க உரையாடல் ஒன்று நிகழ்ந்திருக்கும். மேடைப் பேச்சு கம்பனைச் சுற்றியே நின்றுவிட்டது.

இந்தக் கரையை வேறொரு மறையின் வழியாகப் படித்தவர்களும் இங்கேயே வாழ்கிறார்கள். ஆதிபிதா ஆதம் இலங்கையில் இறங்கினார் என்ற இஸ்லாமிய மரபிலிருந்து, ராமர் பாலத்துக்கு ஆதம் பாலம் என்ற பெயர் பிறந்தது. ஆதமின் மக்களான ஆபில், காபில் அடக்கம் என்று போற்றப்படும் தர்கா ராமேஸ்வரத்திலேயே இருக்கிறது.

கரையின் மக்கள் நூல்வழக்குத் தீரும்வரை காத்திருக்கவில்லை. உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றி, திருப்புல்லாணியில் சேவித்து, சேதுக்கரையில் மூழ்கி, ராமேஸ்வரத்தில் அக்கினி தீர்த்தமும் இருபத்திரண்டு தீர்த்தங்களும் ஆடுவது ஒரு யாத்திரை முறை. இவை எல்லாவற்றிலும் ராமன் வந்து வழிபட்டான் அல்லது தங்கினான் என்று கதை உண்டு. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளும் திருப்புல்லாணிக்கும் ராமேஸ்வரத்துக்கும் சேர்த்தே கொடை தந்தார்கள். இதனால் முரண்பாடு இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இறைவனுக்குப் பழி உண்டா என்ற கேள்வி உண்மையான கேள்வி. அதற்குச் சைவமும் வைணவமும் தரும் விடைகள் வேறு வேறு. எல்லாம் ஒன்றே என்று மழுப்பினால் கோவிந்தராஜரின் உழைப்புக்கும் அப்பய்யரின் உழைப்புக்கும் மரியாதை இல்லை.

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. சேதுபுராணத்தை ஸ்காந்த மூலத்தோடு ஒப்பிட்டு, நிரம்பவழகிய தேசிகர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று காட்டும் ஆய்வுப் பதிப்பு வேண்டும். மீட்சிப் படல மிகைப்பாடல்கள் எந்த வட்டாரச் சுவடிகளில் வருகின்றன என்ற அட்டவணை வேண்டும். எஸ்.எம். கமால் தொகுத்த சேதுபதி செப்பேடுகளைத் தலபுராணங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ராமநாதபுரம், பரமக்குடி, மதுரைக் கல்லூரிகளில் தமிழும் வடமொழியும் வரலாறும் பயிலும் இளம் ஆய்வாளர்கள் இதை எடுத்துக்கொள்ளட்டும். ஆய்வாளர் அல்லாத வாசகர்களிடம் என் வேண்டுகோள் எளியது: அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது அப்பர், சம்பந்தர் பதிகங்களையும் திருமங்கையாழ்வாரின் இருபது பாசுரங்களையும் கையோடு கொண்டுபோங்கள், திருப்புல்லாணியிலும் ஒரு நாள் தங்கி, இரண்டையும் அந்தந்த இடத்தில் முழுதாகப் படியுங்கள்.